பதினெட்டுக் குழிகளும் பதினெட்டு விதமா?

புதிதாக ஒரு கோல்ஃப் திடலில் ஆடிவிட்டு வரும் நண்பர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், கிரீன்களின் (கொடி நிற்கும், புல்லை ஒட்ட வெட்டிய பரப்புகளின்) வேகம், புல்லின் பராமரிப்பு, கட்டணம் ஆகியவற்றோடு பதில் முடிந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய்வந்தவர்களாக இருந்தால், திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் வேண்டிய தகவல்கள்தாம். ஆனால் ஒன்றுகூடத் திடலின் வடிவமைப்பைப் பற்றியது அல்ல. கிரீனின் வேகம் வாரத்துக்கு வாரம் மாறும், தொடர்ந்து மழை பெய்தால் பராமரிப்பின் தரமும் மாறிவிடும். டீயில், அதாவது ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்பவரிடம் அந்தக் குழி எந்த முடிவை எடுக்கச் சொல்கிறது என்பது அவ்வளவு எளிதில் மாறாது. திடல்களை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான்: பதினெட்டு முறை டீயில் நின்றபோது வெவ்வேறாக யோசிக்க வேண்டியிருந்ததா, அல்லது ஒரே யோசனையைப் பதினெட்டு முறை செய்தேனா?

மதிப்பெண் அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நான்கு பார் 3 (மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி), பத்து பார் 4, நான்கு பார் 5, மொத்தம் 72 என்று அச்சில் வார்த்தாற்போன்ற திடல்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. எங்கள் ஃப்ளைட்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) ஆட வரும் அண்ணன் ஒருவர் எழுபது வயதைத் தாண்டியவர். டிரைவர் கட்டையில் அடித்து 160 கெஜம் போனால் அன்றைக்கு நல்ல நாள் என்று கணக்கு வைத்திருப்பவர். அத்தகைய திடல் ஒன்றில் கடைசிப் பார் 3இன் டீயில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "நாலு பார் 3லயும் இதே ஹைபிரிட்டத்தான் தம்பி எடுத்தேன். மத்ததையெல்லாம் எதுக்குப் பையில தூக்கிட்டு வர்றேன்னு தெரியல." அந்த நான்கு குழிகளும் 150 முதல் 170 கெஜத்துக்குள் அடங்கியவை, நான்கிலும் கிரீனுக்கு முன்னால் குளம், பின்னால் மேடு. பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்தத் திடலைப் பற்றி அவர் சொன்னதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மருத்துவராக இருந்து திடல் வடிவமைப்புக்கு வந்த அலிஸ்டர் மெக்கென்சி, ஒரு நல்ல திடலுக்கு வேண்டிய இலக்கணங்களை 1920இல் வரிசைப்படுத்தினார். முடிந்தவரை ஒன்பது ஒன்பதாக இரண்டு சுற்றுகள் அமைய வேண்டும், ஒரே அடியில் கிரீனை எட்டும் குழிகள் குறைந்தது நான்காவது இருக்க வேண்டும், ஒவ்வொரு குழிக்கும் தனிக்குணம் வேண்டும் என்பன அவற்றுள் சில. வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இன்றும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரி போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் பட்டியல் போட்டவரே அதற்குக் கட்டுப்பட்டு நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியாவில் 1928இல் திறக்கப்பட்ட சைப்ரஸ் பாயின்ட் திடலில் ஐந்தாவது, ஆறாவது குழிகளை அடுத்தடுத்த பார் 5களாகவும், பதினைந்தாவது, பதினாறாவது குழிகளை அடுத்தடுத்த பார் 3களாகவும் அமைத்தார். அட்டையில் பார்த்தால் சமநிலை குலைந்ததுபோல் தோன்றும். நிலத்தில் பார்த்தால் கதை வேறு. பதினைந்தாவது, கடல் பாறைக்குள் புகுந்து வெட்டிய ஒரு சிறு பிளவைத் தாண்டும் 140 கெஜ அளவிலான அடி. அதை முடித்து நடந்தால் வரும் பதினாறாவது, பசிபிக் பெருங்கடலின் ஒரு வளைவையே தாண்டச் சொல்லும் 230 கெஜ அளவிலான அடி. துணிவில்லாதவர் இடப்பக்கத்து நிலத்துக்கு அடித்துவிட்டு, அங்கிருந்து கிரீனுக்குப் போகலாம். பார் எண் ஒன்றாக இருந்தும், ஒன்று கைநுணுக்கத்தையும் மற்றொன்று நெஞ்சுரத்தையும் சோதிக்கிறது. (உறுப்பினர் யாராவது அழைத்துப் போனாலொழிய அங்கே ஆட முடியாது, ஆகவே படங்களையும் வரைபடத்தையும் பார்த்த அளவில்தான் இதைச் சொல்கிறேன்.)

அதே மெக்கென்சி மிகவும் மதித்த திடல், ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய திடல் (ஓல்டு கோர்ஸ்). அதை அடி அடியாக அளந்து 1924இல் அவர் வரைந்த வரைபடம் இன்றும் ஆர்வலர்களின் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அங்கே பார் 3 இரண்டே இரண்டு, பார் 5 இரண்டே இரண்டு, மீதிப் பதினான்கும் பார் 4. அவருடைய 'குறைந்தது நான்கு' என்ற விதியில் அவருக்குப் பிடித்த திடலே தேறாது. 1764இல் பதினெட்டுக் குழிகளாகச் சுருங்கிய காலத்திலிருந்து ஊரைவிட்டு வெளியே போய் அதே வழியில் திரும்பும் அமைப்பு அது. அந்தக் குறுகிய நிலத்தில் ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள்: போகும்போது ஒரு குழிக்கும் வரும்போது இன்னொரு குழிக்கும் பொதுவானவை. இணையும் இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் பதினெட்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டிகள் நடக்கும் நாள்கள் நீங்கலாக, பழைய திடலில் ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாய்களோடு உலாவும் பூங்காவாக அது மாறிவிடும். ஆடுவதற்கு நேரம் கிடைக்காத எனக்கு அந்த வழக்கம் வசதியாகப் போயிற்று. பதினெட்டாவது கிரீனிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்தேன். ஒரு திடலின் தரத்தை அறிய இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. டீயிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது அழகும் அச்சமும். கிரீனிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எளிது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் வேதனை என்பது துலங்கும்.

பதினேழாவது குழியின் கிரீனில் நெடுநேரம் நின்றேன். பிரிட்டனின் ஓப்பன் போட்டிக்கு 495 கெஜம் நீளமுள்ள பார் 4 அது. நீண்டு ஒடுங்கிய கிரீன், ஆடி வருபவருக்குக் குறுக்காகச் சாய்ந்து கிடக்கிறது. அதன் இடப்பக்க வயிற்றுக்குள் புகுந்தாற்போல் ரோட் பங்கர் என்ற மணற்குழி. சிறியது, ஆனால் சுற்றிலுமுள்ள தரை முழுவதும் அதை நோக்கியே சரிகிறது, ஆகவே பங்கருக்குச் சில கெஜம் தள்ளி விழுந்த பந்தும் உருண்டு போய் உள்ளே சேர்ந்துவிடும். கிரீனுக்குப் பின்னால் சாலை, சாலைக்கு அப்பால் கற்சுவர். 1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நாகஜிமா கிரீனில் இருந்தபடி உருட்டிய பந்து இந்தச் சரிவில் இறங்கிப் பங்கருக்குள் போயிற்று. அதை வெளியே எடுப்பதற்குள் அவருடைய கணக்கு ஒன்பதாகிவிட்டது. அங்கிருந்து டீயை நோக்கித் திரும்பிப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். கிரீனின் நீளம் முழுவதும் கிடைக்க வேண்டுமானால் ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளியின்) வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும். வலப்பக்கத்தில் நிற்க வேண்டுமானால் டீயிலிருந்து ஹோட்டலின் எல்லைக்குள் இருக்கும் கொட்டகைகளின் மூலையைத் தாண்டி அடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் பந்து எல்லைக்கு வெளியே. அதற்கு அஞ்சி இடப்பக்கம் அடித்தவருக்குத் தண்டனை உடனே கிடைப்பதில்லை. அகலமான புல்வெளியில், நல்ல கிடையில் பந்து காத்திருக்கும். ஆனால் அடுத்த அடியைப் பங்கருக்கு மேலாக, கிரீனின் ஒடுங்கிய பகுதிக்கு, பின்னால் சாலை காத்திருக்க, அடித்தாக வேண்டும். முதல் அடியில் தவிர்த்த ஆபத்தை வட்டியோடு இரண்டாம் அடியில் கட்டுவதுதான் இந்தக் குழி.

பதினோராவது குழி இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. பார் 3, வலப்பக்கம் முன்னால் ஸ்ட்ராத் பங்கர், இடப்பக்கம் ஆழமான ஹில் பங்கர், பின்னாலிருந்து முன்னோக்கிக் கடுமையாகச் சரியும் கிரீன். இங்கே திட்டம் போட அதிக இடமில்லை. கிரீனின் எந்தப் பகுதியில் பந்தை நிறுத்தினால் அடுத்த உருட்டல் ஏற்றத்தில் அமையும் என்பதை மட்டும் யோசிக்க வேண்டும். 1921 ஓப்பனில் அமெரிக்க இளைஞரான பாபி ஜோன்ஸ் இந்தக் குழியில்தான் மனம் வெறுத்து ஆட்டத்தைக் கைவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1927இல், அதே திடலில் ஓப்பனை வென்றார். பிறகு மெக்கென்சியோடு சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா நேஷனல் திடலை உருவாக்கினார். அகஸ்டாவின் பதின்மூன்றாவது குழியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, பூக்களை விட்டுவிட்டு ஃபேர்வேயின் சாய்வைப் பாருங்கள். ஓடையை ஒட்டி இடப்பக்கம் அடித்தவருக்குத் தூரமும் குறைவு, நிற்க ஓரளவு சமதளமும் உண்டு. அஞ்சி வலப்பக்கம் ஒதுங்கியவருக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் நிற்கும், தாண்ட வேண்டிய ஓடையோ அப்படியே இருக்கும். ஸ்காட்லாந்தின் பதினேழாவது குழி கேட்ட அதே கேள்விதான். ஆனால் மணற்குழியும் சாலையும் இல்லாமல், சாய்வையும் நீரையும் வைத்துக் கேட்கப்படுகிறது.

இப்படி ஒரு கருத்தை எடுத்து வேறு நிலத்தில் நட்டுப் பார்ப்பதைத் முழுமூச்சாகச் செய்தவர் அமெரிக்கத் திடல் வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட். ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் திடலில் ரெடான் என்ற பதினைந்தாவது குழி இருக்கிறது. வலமுன்னிலிருந்து இடப்பின்னாகச் சாய்ந்தோடும் கிரீனும், இடமுன்பக்கத்தைக் காக்கும் ஆழமான பங்கரும் கொண்ட பார் 3 அது. கொடியை நேராகக் குறிவைப்பவரைவிட, வலப்பக்க மேட்டில் பந்தை இறக்கிச் சரிவில் உருளவிடுபவருக்கே அது நல்ல பலனைத் தரும். அதையும், செயின்ட் ஆண்ட்ரூஸின் இந்த இரண்டு குழிகளையும், பிரெஸ்ட்விக்கின் மேட்டுக்கு அப்பால் கிரீனை ஒளித்து வைத்திருக்கும் ஆல்ப்ஸ் குழியையும் முன்மாதிரியாகக் கொண்டு, நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸை அவர் அமைத்தார். நகல் எடுத்தால் பன்மை எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் எடுத்துக்கொண்டது கேள்விகளை மட்டுந்தான். விடை சொன்னது அந்தந்த நிலம். ஒரே திடலுக்குள் அந்தக் கேள்விகளில் ஒன்றே நான்கு முறை வந்தால்தான் நகல் என்று குறை சொல்ல வேண்டும்.

சிங்கப்பூருக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவரும்போது முதலில் இடிப்பது காற்று. ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டு திடலில், 1920களில் வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட் திருத்தியமைத்த பிறகு, முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாக வலஞ்சுழியாகவும், அடுத்த ஒன்பது உள்வட்டமாக இடஞ்சுழியாகவும் ஓடுகின்றன. ஆகவே ஒரே நாளில் காற்று முகத்திலும் முதுகிலும் இரு தோள்களிலும் மாறி மாறி அடிக்கும்; ஒரே நீளமுள்ள இரண்டு குழிகள்கூட வேறு வேறாகிவிடும். நமக்கு அந்த உதவி கிடையாது. இங்கே காற்று பெரும்பாலும் மெல்லியது. அது பலமாக வீசத் தொடங்கினால் அடுத்த சில நிமிடங்களில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்து எல்லாரும் கொட்டகைக்குள் ஒதுங்கியிருப்போம். எனவே இங்கே பன்மை என்பது முழுக்க முழுக்க நிலத்திலிருந்தும் கிரீனிலிருந்தும் வந்தாக வேண்டும்.

தட்டையான நிலத்தில், குறிப்பாகக் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில், வடிவமைப்பவர் முதலில் குளம் தோண்டுகிறார். காரணம் எளிது. கொட்டும் மழைநீர் எங்காவது போய்ச் சேர வேண்டும், வறண்ட வாரங்களில் பாய்ச்ச நீர் வேண்டும், மேடுகள் எழுப்ப மண் வேண்டும். மூன்றையும் ஒரு குளம் தீர்த்துவிடும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு குழியிலும் குளத்தையே ஆபத்தாக வைப்பது, இலையில் வரும் எல்லாக் கறிக்கும் ஒரே மசாலாவைப் போடுவதுபோல. பங்கரில் விழுந்தவர் முயன்று மீளலாம், சரிவில் உருண்டவர் நுணுக்கமான ஓர் அடியால் ஈடுகட்டலாம். நீரில் விழுந்தவருக்கு ஓர் அடி அபராதமும் புதிய பந்தின் செலவும்தான் மிச்சம். நீர் கேட்பது, தாண்ட முடியுமா முடியாதா என்ற ஒரே கேள்வியை. அதை ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறை கேட்டால் சுவை. பத்துப் பன்னிரண்டு முறை கேட்டால் சலிப்பு.

மேடுபள்ளமுள்ள நிலத்துக்கு நம்மிடையே பழைய உதாரணம் புக்கிட் திடல். 1891இல் குதிரைப் பந்தயத் திடலில் ஆடத் தொடங்கிய சிங்கப்பூர் கோல்ஃப் கிளப், 1924இல் புக்கிட் தீமா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அமைந்த திடலை வகுத்தவர் ஜேம்ஸ் பிரெய்ட் என்பது அந்தக் கிளப்பின் வரலாறு. ஐந்து முறை ஓப்பன் வென்ற அவர் கப்பற்பயணத்தை வெறுத்தவர். நில வரைபடத்தை வைத்தே இத்தகைய வேலைகளைச் செய்து அனுப்பினார் என்று பேசப்படுகிறது. 1963இல் இரண்டு கிளப்புகள் இணைந்து சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆன பிறகு, 1969 உலகக் கிண்ணப் போட்டி இங்கேதான் நடந்தது. லீ டிரவினோவும் ஆர்வில் மூடியும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். திடல் அதன்பின் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, எனவே பிரெய்டின் கைவண்ணம் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதில் நான் இறங்க விரும்பவில்லை. விருந்தினராக அங்கே ஆடப்போனவன் என்ற முறையில் சொல்ல முடிவது இதுதான்: ஏற்றத்தில் ஒரு கட்டை கூட்டி, இறக்கத்தில் ஒரு கட்டை குறைத்து, சாய்வில் நின்றுகொண்டு பந்து வளையப்போகும் திசையை முன்கூட்டியே கணக்கிட்டு ஆட வேண்டிய நிலம் அது. காற்று செய்யாத வேலையை அங்கே மேடுகள் செய்கின்றன.

செந்தோசாவின் செரப்போங் திடலைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். கடலோரக் குழிகளில் நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், கொள்கலன் கப்பல்களும், நகரத்துக் கட்டடங்களும் கண்ணை நிறைக்கும். அந்தக் காட்சி நம் மதிப்பீட்டைத் தூக்கிவிடும். காட்சியை மறைத்துவிட்டு, கிரீனின் சாய்வையும் பங்கர்களின் இடத்தையும் மட்டும் வரைந்து காட்டினாலும் அந்தக் குழி நினைவில் நிற்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. செரப்போங்கின் சில குழிகள் அந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது என் எண்ணம். அழகான திடல்கள் பல தேறா.

அகலத்தைப் பற்றியும் நம்மவர்களிடம் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. ஃபேர்வே அகலமாக இருந்தால் "சுலபமான கோர்ஸ்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பழைய திடலின் முதலாவது, பதினெட்டாவது குழிகள் பகிர்ந்துகொள்ளும் புல்வெளி நூறு கெஜத்துக்கும் அதிகமான அகலம் கொண்டது. அகலம் இல்லாத இடத்தில் வலமா இடமா என்ற தேர்வே எழாது. நேராக அடி என்ற கட்டளை மட்டுமே மிஞ்சும். நம் தட்பவெப்பத்தில் மரங்கள் வேகமாக வளர்ந்து, வடிவமைத்தவர் திறந்து வைத்த கோணங்களைச் சில பத்தாண்டுகளில் அடைத்துவிடுகின்றன. அமெரிக்காவின் ஓக்மான்ட்டில் 1990களிலிருந்து ஆயிரக்கணக்கான மரங்களை அகற்றிப் பழைய கோணங்களை மீட்டார்கள். இங்கே மரத்தில் கைவைப்பது எளிதான பேச்சு அல்ல, வெயிலில் அந்த நிழல் வேண்டியும் இருக்கிறது. குறைந்தது தாழ்ந்த கிளைகளையாவது கழித்துவிடலாம்.

இன்னொரு தடங்கல், ஆட்டக்காரர்களை ஏற்றிப்போகும் பக்கி வண்டி. பாதையோடு பாதையாகப் போய் பந்தின் அருகே இறங்கும்போது நிலத்தின் மடிப்புகள் காலுக்குத் தெரிவதில்லை. பழைய திடல்களில் ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீ சில எட்டுகளில் வந்துவிடும். குழிகளின் வரிசைக்கு ஒரு தாளம் உண்டாவது அதனால்தான். வண்டியில் இரண்டு சாலைகளைக் கடந்து அடுத்த டீக்குப் போகும் திடலில் அந்தத் தாளத்தை உணர வழியில்லை.

காலமும் நம் பக்கம் இல்லை. ஒரு திடல் பழுத்து வர இரண்டு மூன்று தலைமுறை ஆட வேண்டும். இங்கே குத்தகை அதற்குள் முடிந்துவிடுகிறது. ஜூரோங் 2016இலும், ராஃபிள்ஸ் 2018இலும், பொதுமக்கள் ஆடிய மரினா பே 2024இலும் மூடப்பட்டன. வீடும் ரயிலும் வேண்டிய நாட்டில் அதை எதிர்த்து வாதாட எனக்கு வாயில்லை. மரினா பேயில் சிங்கப்பூரின் ஒரே பார் 6 குழி இருந்தது. நண்பர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அங்கிருந்த ஆழமான சிறு பங்கர்கள்தாம் பிடிக்கும், ஏனென்றால் அவற்றிலிருந்து சில நேரம் பின்னோக்கி அடித்து வெளியேற வேண்டியிருக்கும்.

திடல் ஒன்றைப் புதுப்பிக்கும்போது உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் வருவது நீளத்தைக் கூட்டுங்கள், கிரீனை வேகமாக்குங்கள் என்ற இரண்டு கோரிக்கைகள். என்னைக் கேட்டால், 300 கெஜத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு பார் 4 போதும் என்பேன். லாஸ் ஏஞ்சலிஸின் ரிவியேராவில் 1920களில் ஜார்ஜ் தாமஸ் அமைத்த பத்தாவது குழியின் நீளம் 315 கெஜம்தான். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் கிரீனை எட்டக்கூடிய தூரம். ஆனாலும் எங்கே அடிப்பது என்று இன்னமும் குழம்புகிறார்கள். கிரீன் ஒடுக்கமானது, குறுக்காகச் சாய்ந்தது. இடப்பக்கம் வெகுதூரம் ஒதுங்கி நிறுத்துபவருக்குத்தான் அதன் நீளம் திறந்து கிடைக்கும். நேராகக் கிரீனைக் குறிவைத்து வலப்பக்கம் தப்பியவருக்கு அடுத்த அடியில் பந்தை நிறுத்த இடமே இருக்காது. அந்தக் கருத்தை 280 கெஜத்தில் இங்கே வைத்தால் எங்கள் அண்ணனின் 160 கெஜ டிரைவ் இடப்பக்கம் போய் உட்காரும். மீதி 120 கெஜத்துக்கு, பையில் தூங்கும் ஏதோ ஓர் ஐயன் கட்டைக்கு வேலை வரும். 260 கெஜம் அடிக்கும் இளைஞர்கள் வலப்பக்கப் பங்கரில் மணலை வாரிக்கொண்டிருப்பார்கள், அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே, கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் கட்டையை எடுப்பார்.